ரூட் பார்ட்டிஷன் நிரம்பினால்: /ஹோமை மாற்றுவதா, கனமான அடைவுகளை மட்டும் நகர்த்துவதா, பார்ட்டிஷனையே பெரிதாக்குவதா?

லினக்ஸ் கணினியில் இடம் தீர்ந்துவிட்டது, புதிய வட்டு ஒன்றை வாங்கிப் பொருத்தியாயிற்று, இனி எதை எங்கே வைப்பது என்று கேட்கும் வாசகர்களில் பெரும்பாலோரின் கணினி ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது. நிறுவும்போது முழு வட்டையும் பயன்படுத்தும் தேர்வை அழுத்தியதால், இயங்குதளமும் (அது இருக்கும் இடமே ரூட்) பயனரின் கோப்புகள் இருக்கும் /ஹோமும் ஒரே 128 ஜிபி எஸ்எஸ்டியில், ஒரே பார்ட்டிஷனில் (வட்டின் ஒரே பிரிவில்) அடைந்து கிடக்கின்றன. பக்கத்தில் 1 டிபி வட்டு காலியாக இருக்கிறது. இதற்கு நான்கு வழிகள் உண்டு. நான்கும் வேலை செய்யும் என்பதால்தான் தேர்வு கடினமாகிறது. பாதியில் மின்சாரம் போனால் அந்த வழி நம்மை எங்கே விட்டுச் செல்லும் என்பதில்தான் அவை பெரிதும் வேறுபடுகின்றன. இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டையே முதன்மையாக வைத்து எழுதப்பட்டது.

கட்டளைகளையும் அடைவுகளையும் ஒலிக்கும் விதத்திலேயே எழுதியிருக்கிறேன். முனையத்தில் தட்டச்சு செய்யும் முன் ஆப்ஷன்களை மேன் பக்கத்தில் (கட்டளையின் கையேட்டில்) ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## நகர்த்தும் முன்: இடம் உண்மையிலேயே தீர்ந்ததா?

'வட்டில் இடமில்லை' என்ற பிழைச்செய்தி வந்தால் ஜிகாபைட் தீர்ந்துவிட்டது என்று எப்போதும் பொருளல்ல. இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு, உருவாக்கப்படும்போதே ஏறத்தாழ 16 கேபிக்கு ஒன்று என்ற கணக்கில் ஐநோடுகளை (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவுகளை) ஒதுக்கிவிடுகிறது. சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால், இடம் மிச்சமிருந்தும் ஐநோடுகள் தீர்ந்துபோகும். டிஎஃப் கட்டளையை ஐ ஆப்ஷனோடு இயக்கினால் இது தெரியும். அடுத்து, அழிக்கப்பட்ட பின்னும் ஏதோ ஒரு நிரல் திறந்தே வைத்திருக்கும் கோப்புகள் இடத்தை விடுவிப்பதில்லை. அந்த நிரலை மறுபடி தொடங்கினால் போதும். கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவேடு, தான் இருக்கும் கோப்பு அமைப்பில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை வளரும். இவற்றையெல்லாம் சரிபார்த்த பின்னும் இடம் போதவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், திரும்பி வரும் பாதை: வேலை பாதியில் நின்றால் பழைய நிலை அப்படியே இருக்கிறதா? இரண்டாவது, கணினி எவ்வளவு நேரம் பயன்பாட்டில் இருக்காது. மூன்றாவது, நிரல்களின் பார்வையில் பாதை மாறுகிறதா. /ஹோமுக்குக் கீழே இருந்த கோப்பு இன்றும் அதே பெயரில் அதே இடத்தில் கிடைக்கிறதா. நான்காவது, பின்னால் வரும் பராமரிப்பு: ஒரு வட்டு பழுதானால் எவ்வளவு போகும், பேக்கப் எப்படி நடக்கும், அடுத்த முறை இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போது என்ன ஆகும்.

வேகத்தை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஆனால் புதிய வட்டு எஸ்எஸ்டியா, சுழலும் ஹார்ட் டிஸ்க்கா என்பது முதல் இரண்டு வழிகளுக்கு இடையிலான தேர்வையே மாற்றிவிடும். அட்டவணையில் வரும் எஃப்எஸ்டேப், கணினி தொடங்கும்போது எந்தப் பார்ட்டிஷனை எந்த அடைவில் மவுண்ட் செய்ய (இணைக்க) வேண்டும் என்று சொல்லும் கோப்பு; சிம்லிங்க், வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு; பைண்ட் மவுண்ட், ஓர் அடைவை இன்னோர் இடத்திலும் தோன்றச் செய்வது; எல்விஎம், வட்டுகளை ஒரே தொகுதியாகச் சேர்த்து அதிலிருந்து இடத்தைப் பிரித்துத் தரும் ஏற்பாடு.

| அளவுகோல் | /ஹோம் முழுவதும் | சில அடைவுகள் மட்டும் | பார்ட்டிஷனைப் பெரிதாக்குதல் | எல்விஎம் |
|---|---|---|---|---|
| திரும்பும் பாதை | மிக நல்லது | மிக நல்லது | வலப்பக்கம் வளர்ந்தால் நல்லது. இடப்பக்கம் என்றால் இல்லை | நல்லது. ஆனால் சேர்த்த வட்டைப் பிரிப்பது வேலை |
| நிறுத்த நேரம் | நகலெடுக்கும் நேரம், இரண்டு சுற்றானால் சில நிமிடம் | கிட்டத்தட்ட இல்லை | சில நொடி முதல் பல மணி நேரம் வரை | இல்லை |
| பாதை மாறுமா | மாறாது | பைண்ட் மவுண்டில் மாறாது; சிம்லிங்கில் மாறும் | மாறாது | மாறாது |
| மறைந்திருக்கும் செலவு | எஃப்எஸ்டேப் பிழை, குறியாக்கம் | இரட்டை பேக்கப், குப்பைத்தொட்டி | மின்தடை | ஒரு வட்டு போனால் எல்லாம் போகும் |

## வழி 1: /ஹோம் முழுவதையும் புதிய பார்ட்டிஷனுக்கு மாற்றுதல்

புதிய வட்டில் ஒரு பார்ட்டிஷனை உருவாக்கி, இஎக்ஸ்டி4 ஆக வடிவமைத்து, தற்காலிகமாக /எம்என்டியில் மவுண்ட் செய்து, /ஹோமின் உள்ளடக்கத்தை அங்கே நகலெடுத்து, பிறகு அந்தப் பார்ட்டிஷனின் மவுண்ட் பாயிண்ட்டை /ஹோம் என்று மாற்றுவதே இந்த வழி. நகலெடுக்க வேண்டும், 'நகர்த்த' வேண்டாம் என்பதுதான் இதில் முக்கியம். ஒரே கோப்பு அமைப்புக்குள் எம்வி கட்டளை பெயர்ப்பதிவை மட்டும் மாற்றுவதால் 50 ஜிபியும் நொடியில் இடம்பெயர்ந்துவிடும். வேறு கோப்பு அமைப்புக்குப் போகும்போது கெர்னல் அந்தப் பெயர்மாற்றத்தை மறுத்துவிடுகிறது. உடனே எம்வி, ஒவ்வொரு அடைவாக நகலெடுத்து, முடிந்ததும் மூலத்தை அழித்துக்கொண்டே போகிறது. நடுவில் நின்றால் சில அடைவுகள் அங்கே, சில இங்கே, ஒன்று இரண்டு இடத்திலும் அரைகுறையாக. பார்ட்டிஷன் விட்டுப் பார்ட்டிஷன் போகும் வேலைக்கு எம்வியைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாக, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் நிரலைப் பயன்படுத்தலாம். சிறிய ஏ ஆப்ஷன் உரிமையாளர், அனுமதிகள், தேதிகள், சிம்லிங்குகள் ஆகியவற்றைக் காப்பாற்றும். ஆனால் ஹார்ட் லிங்குகளுக்குப் பெரிய ஹெச், ஏசிஎல் அனுமதிகளுக்குப் பெரிய ஏ, நீட்டிப்புப் பண்புகளுக்குப் பெரிய எக்ஸ் ஆகியவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். ஏ மட்டுமே 'எல்லாம்' என்று நம்புவது பரவலான தவறு. மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் இருந்தால் பெரிய எஸ்ஸும் தேவை. இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் கொண்ட 60 ஜிபி கோப்பு, நகலில் உண்மையிலேயே 60 ஜிபியை அடைத்துக்கொள்ளும். மூலப் பாதையின் இறுதியில் சாய்கோடு இட வேண்டும். ஒருமுறை அதை மறந்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு /ஹோமுக்குள் இன்னொரு ஹோமைப் பார்த்து நான் திகைத்ததுண்டு.

நிறுத்த நேரத்தைக் குறைக்க, நகலை இரண்டு சுற்றாக எடுப்பது நல்ல உத்தி. முதல் சுற்றைக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டே ஓடவிடலாம். இரண்டாம் சுற்றை, வரைகலை அமர்விலிருந்து வெளியேறி, மீட்பு நிலையிலோ லைவ் யூஎஸ்பியிலோ (நிறுவாமலேயே லினக்ஸை இயக்க உதவும் யூஎஸ்பி), டெலிட் ஆப்ஷனுடன் ஓட்டினால், இடையில் மாறியவை மட்டும் சரிசெய்யப்படும். டெலிட் ஆப்ஷன் மூலத்தில் இல்லாததை இலக்கில் அழிக்கும். எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது எஃப்எஸ்டேப். ஒவ்வொரு வரியிலும் ஆறு புலங்கள்: சாதனம், மவுண்ட் பாயிண்ட், கோப்பு அமைப்பின் வகை, ஆப்ஷன்கள், டம்ப், சோதனை வரிசை. சாதனத்தை எஸ்டிபி1 போன்ற பெயரால் குறிக்காமல் யூயூஐடியால் (கோப்பு அமைப்புக்கே உரிய தனி அடையாளத்தால்) குறிக்க வேண்டும், ஏனெனில் அந்தப் பெயர்கள் கெர்னல் வட்டுகளைக் கண்டறியும் வரிசையைப் பொறுத்தவை. இன்னொரு வட்டையோ யூஎஸ்பியையோ பொருத்தினால் மாறக்கூடும். சோதனை வரிசை ரூட்டுக்கு 1, /ஹோமுக்கு 2. கோப்பைச் சேமித்ததும் மறுதொடக்கம் செய்துவிடாமல், ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் வெரிஃபை ஆப்ஷனால் சரிபாருங்கள். யூயூஐடியில் ஓர் எழுத்து தவறினாலும் சிஸ்டம்டி அந்தச் சாதனத்துக்காக 90 நொடி காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குள் இறங்கிவிடும். நோஃபெயில் ஆப்ஷன் இதைத் தடுக்கும். ஆனால் /ஹோமுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை: வட்டு வராத நாளில் கணினி வழக்கம்போலத் தொடங்கி, வெறும் /ஹோமுக்குள் நம்மை உள்நுழையச் சொல்லும், அங்கே எழுதப்படுபவை எல்லாம் தவறான பார்ட்டிஷனில் விழும். பின்வாசலாக ஒரு லைவ் யூஎஸ்பியை வைத்துக்கொண்டு, பிழை உரக்கக் கத்தட்டும் என்று விடுவதே மேல்.

வெளியே தெரியாத செலவுகள் மூன்று. முதலாவது, ரூட் பார்ட்டிஷன் குறியாக்கம் செய்யப்பட்டிருந்து புதிய வட்டு அவ்வாறு இல்லையென்றால், உங்கள் கடிதங்களும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் குறியாக்கம் இல்லாத வட்டுக்குக் குடிபெயர்கின்றன. புதிய பார்ட்டிஷனையும் எல்யூகேஎஸ் என்ற லினக்ஸ் குறியாக்க முறையைக் கொண்டு பூட்டுவது முன்கூட்டியே செய்ய வேண்டியது. இரண்டாவது, இஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது; 1 டிபியில் அது 50 ஜிபி. தரவு மட்டும் இருக்கும் பார்ட்டிஷனில் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதை 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஃபெடோரா போன்ற, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும் கணினிகளில் ரீஸ்டோர்கான் கட்டளையால் /ஹோமின் அடையாளங்களைப் புதுப்பிக்கவில்லை என்றால் உள்நுழைவே தடுமாறலாம். புதிய வட்டு விண்டோஸிலிருந்து வந்த என்டிஎஃப்எஸ் ஆக இருந்தால் அதை அப்படியே /ஹோமாக்கக் கூடாது. லினக்ஸின் உரிமையாளர், அனுமதி ஏற்பாட்டை அது இயல்பாகத் தாங்காது.

யாருக்கு: புதிய வட்டும் எஸ்எஸ்டியாக இருப்பவர்களுக்கு, இயங்குதளத்தை அடிக்கடி மறுபடி நிறுவுபவர்களுக்கு. /ஹோம் தனியே இருந்தால், அடுத்த நிறுவலில் ரூட்டை மட்டும் வடிவமைத்து, /ஹோமை வடிவமைக்காமல் அப்படியே மவுண்ட் செய்துகொள்ளலாம்.

## வழி 2: கனமான அடைவுகளை மட்டும் நகர்த்துதல்

புதிய வட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் இந்த வழியே சரி. உலாவியின் சுயவிவரம், மேசைச்சூழல் அமைப்புகள், தற்காலிகச் சேமிப்புகள் யாவும் /ஹோமில்தான் புள்ளியில் தொடங்கும் அடைவுகளாக மறைந்திருக்கின்றன. அவற்றையும் சேர்த்து ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பினால், எஸ்எஸ்டி வாங்கியதன் பயனில் பாதி போய்விடும். வீடியோக்களும் ஒளிப்படங்களும் பதிவிறக்கங்களும் அப்படியல்ல.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நிரலிடமே இடத்தை மாற்றச் சொல்ல முடியுமா என்பதுதான். ஸ்டீமில் விளையாட்டுகளுக்கு இரண்டாவது நூலக அடைவைச் சேர்க்க முடியும். வீடியோ, படம், பதிவிறக்கம் போன்ற வழக்கமான அடைவுகளின் இடத்தைப் பயனர் அடைவுகளுக்கான அமைப்புக் கோப்பிலேயே மாற்றலாம். இது சாத்தியமானால் மவுண்ட் வித்தைகள் எதுவும் தேவையில்லை.

இல்லையென்றால் சிம்லிங்கா, பைண்ட் மவுண்டா என்ற கேள்வி எழும். சிம்லிங்க் ஒரே கட்டளை, எஃப்எஸ்டேப்பைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அது சுட்டிக்காட்டும் பலகை மட்டுமே. பாதுகாப்புக் கூண்டுக்குள் இயங்கும் நிரல்கள் பலகையைப் பார்க்காமல், அது காட்டும் உண்மையான பாதையைப் பார்க்கின்றன. உபுண்டு 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ், இப்படிக் கூண்டுக்குள் இயங்கும் ஒரு ஸ்னாப் தொகுப்பாகவே வருகிறது. பதிவிறக்க அடைவை /டேட்டாவுக்குச் சிம்லிங்க் செய்துவிட்டு, ஃபயர்ஃபாக்ஸால் அங்கே சேமிக்க முடியவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுதான்: கூண்டின் விதிகளை வகுக்கும் ஆப்ஆர்மர் /ஹோமுக்குள் அனுமதி தந்திருக்கிறது, /டேட்டாவுக்குத் தரவில்லை. பைண்ட் மவுண்டில் அந்தச் சிக்கல் இல்லை. லினக்ஸ் 2.4 முதல் இருந்துவரும் இந்த வசதி, ஓர் அடைவை இன்னோர் இடத்திலும் அப்படியே தோன்றச் செய்கிறது. நிரலின் பார்வையில் பாதை /ஹோமுக்குள்ளேயே இருக்கிறது. எஃப்எஸ்டேப்பில் முதலில் வட்டுக்கான வரியும், அதற்குக் கீழே பைண்ட் வரியும் இருக்க வேண்டும்.

பைண்ட் மவுண்டுக்கும் விலை உண்டு. ஒரே கோப்புகள் இரண்டு பாதைகளில் தெரிவதால், கவனிக்காவிட்டால் பேக்கப் நிரல் இரண்டையும் எடுத்து இரட்டிப்பு இடத்தை விழுங்கும். சில மேசைச்சூழல்களில் அங்குள்ள கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்ப முடியாமல், நிரந்தரமாக அழிக்கவா என்ற கேள்வி வரும். மவுண்ட் எல்லையைக் கடக்கும் எந்த எம்வியும், இருபுறமும் ஒரே பார்ட்டிஷனாகவே இருந்தாலும், முழு நகலாக மாறிவிடும். பதிவிறக்க அடைவு புதிய வட்டிலும் டெஸ்க்டாப் பழைய வட்டிலும் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 10 ஜிபி கோப்பை இழுப்பது இனி கண்ணிமைக்கும் வேலையாக இருக்காது.

வட்டு வராத நாளில் இரண்டும் நேர்மாறாக நடந்துகொள்கின்றன. சிம்லிங்க் அறுந்து பிழை காட்டும். பைண்ட் மவுண்டோ, நோஃபெயில் இட்டிருந்தால், கீழே இருக்கும் காலி அடைவை நீட்டி எழுதவிடும். மவுண்ட் செய்வதற்கு முன், அந்தக் காலி அடைவை சிஎச்ஏடிடிஆர் கட்டளையின் ஐ பண்பால் பூட்டிவிட்டால், மவுண்ட் ஆகாத நேரத்தில் அதற்குள் எதையும் எழுத முடியாது. நான் அமைக்கும் எந்த மவுண்ட் பாயிண்ட்டிலும் இதைச் செய்யாமல் விடுவதில்லை.

யாருக்கு: எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் கலந்து வைத்திருப்பவர்களுக்கு, இடத்தை அடைப்பது இரண்டு மூன்று அடைவுகள்தான் என்று டியூ கட்டளை காட்டும் கணினிகளுக்கு.

## வழி 3: இருக்கும் பார்ட்டிஷனைப் பெரிதாக்குதல்

எதையும் நகர்த்தாமல், எஃப்எஸ்டேப்பைத் தொடாமல், ரூட் பார்ட்டிஷனையே வளர்ப்பது கவர்ச்சியான யோசனை. யூயூஐடி மாறுவதில்லை, மவுண்ட் பாயிண்ட் மாறுவதில்லை. ஆனால் இது ஒரே வட்டுக்குள் மட்டுமே நடக்கும். இரண்டாவது வட்டில் இருக்கும் 1 டிபி இதற்கு உதவாது. ரூட்டுக்கு வலப்பக்கம் ஒட்டியபடி காலியிடம் இருந்தால் இஎக்ஸ்டி4-ஐக் கணினி ஓடும்போதே வளர்க்கலாம். மேகக் கணினிகளில் வட்டின் அளவை உயர்த்திய பின் குரோபார்ட், ரீசைஸ்2எஃப்எஸ் என்ற இரண்டு கட்டளைகளால் முடிவது இந்த வேலைதான். அங்கே வேறு வழியைத் தேடவே வேண்டாம்.

வீட்டு மடிக்கணினியின் கதை வேறு. விண்டோஸோடு சேர்த்து நிறுவும்போது, சி டிரைவைச் சுருக்கி அதன் வலப்பக்கத்தில் லினக்ஸை வைக்கிறோம். பின்னர் இடம் போதாமல் சி டிரைவை மீண்டும் சுருக்கினால், கிடைக்கும் காலியிடம் லினக்ஸ் பார்ட்டிஷனின் இடப்பக்கத்தில் வந்து நிற்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ள, பார்ட்டிஷனின் தொடக்கத்தையே நகர்த்த வேண்டும்; அதாவது உள்ளே இருக்கும் அத்தனை தரவையும் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி எடுத்து முன்னே வைத்து எழுதுகிறது. லைவ் யூஎஸ்பியில் பல மணி நேரம் ஓடக்கூடிய இந்த வேலையின் நடுவே மின்சாரம் போனால், தொடக்கம் ஓரிடத்திலும் மிச்சம் இன்னோரிடத்திலுமாகச் சிதறிய ஒரு பார்ட்டிஷனே மிஞ்சும்; அதை மீட்பது பெரும்பாலும் நடவாது. மடிக்கணினியின் பேட்டரியை நம்பியோ, யூபிஎஸ் இல்லாத மேசைக்கணினியிலோ, முழு பேக்கப் இல்லாமலோ இதைத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு பேக்கப் இருந்தாலோ, நகர்த்துவதைவிட அழித்து, புதிதாகப் பிரித்து, பேக்கப்பிலிருந்து திரும்ப எழுதுவது பல நேரங்களில் விரைவானதும்கூட.

சுருக்குவதற்கும் எல்லைகள் உண்டு. இஎக்ஸ்டி4-ஐ மவுண்ட் செய்யாத நிலையில் மட்டுமே சுருக்கலாம்; எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்கவே முடியாது, வளர்க்க மட்டுமே முடியும். சி டிரைவை விண்டோஸின் சொந்தக் கருவியால் சுருக்குவதே பாதுகாப்பு.

யாருக்கு: வலப்பக்கம் காலியிடம் உள்ளவர்களுக்கும் மேகக் கணினிகளுக்கும் மட்டும்.

## வழி 4: எல்விஎம்

நிறுவும்போதே எல்விஎம் அமைத்திருந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவைப்படாது. புதிய வட்டைத் தொகுதியில் சேர்த்து, ஆர் ஆப்ஷனுடன் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையை இயக்கினால், கோப்பு அமைப்பும் சேர்ந்தே, கணினி ஓடும்போதே வளர்ந்துவிடும். வட்டு வாங்கும் முன்னரே விஜிஎஸ் கட்டளையால் தொகுதியில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். உபுண்டு சர்வர் நிறுவி, 200 ஜிபிக்கு மேற்பட்ட வட்டில் இயல்பாக ரூட்டுக்கு 100 ஜிபியை மட்டுமே தந்துவிட்டு மீதியை ஒதுக்காமல் விட்டுவைக்கும். 500 ஜிபி வட்டில் 'இடமில்லை' என்று புதிய வட்டுக்குக் காசு கொடுப்பவர்களுக்கு, உள்ளேயே 400 ஜிபி தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆபத்து, ஒரே கோப்பு அமைப்பு இரண்டு வட்டுகளின்மீது படர்வதில் இருக்கிறது. முதல் வழியில் புதிய வட்டு பழுதானால் /ஹோம் போகும், இயங்குதளம் மிஞ்சும். இங்கே எந்த ஒன்று பழுதானாலும் முழுக் கோப்பு அமைப்பும் போகும். எனவே இரண்டாவது வட்டைச் சேர்த்தாலும், அதன்மேல் /ஹோமுக்கெனத் தனி லாஜிக்கல் வால்யூமை (எல்விஎம் பிரித்துத் தரும் பார்ட்டிஷனை) உருவாக்கி, முதல் வழியையே பின்பற்றுவது நல்லது. பழைய வட்டையே ஓய்வுபெறச் செய்வது நோக்கமென்றால், பிவிமூவ் கட்டளை தரவு முழுவதையும், கணினி ஓடும்போதே புதிய வட்டுக்கு மாற்றித் தரும். அதற்கு எல்விஎம்மை மிஞ்சிய கருவி இல்லை.

எல்விஎம் இல்லாத கணினியை, இந்த ஒரு காரணத்துக்காக எல்விஎம்முக்கு மாற்றுவது வேண்டாத வேலை.

## இடத்தை அடைப்பது /ஹோம் அல்ல, /வார் என்றால்

நிரல்களைக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கரையும் தரவுத்தளங்களையும் இயக்குபவர்களிடம் நிரம்பிக் கிடப்பது, சேவைகளின் தரவு இருக்கும் /வார்/லிப். இங்கே சேவையை நிறுத்தாமல் எடுத்த நகல் நகலே அல்ல; கோப்புகள் இருக்கும், தரவுத்தளம் எழுந்திருக்காது. டாக்கருக்கு அதன் அமைப்புக் கோப்பிலேயே டேட்டா-ரூட் என்ற வரி உண்டு, அதுவே நேரான வழி. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லின் தரவு அடைவை அமைப்பில் மாற்றினால் ஆப்ஆர்மர் விதிகளையும் சேர்த்து மாற்ற வேண்டியிருப்பதால், பைண்ட் மவுண்டே தொல்லை குறைந்தது.

## பழைய நகலை எங்கே வைப்பது

முதல் வழியில் பலரும் சறுக்கும் இடம் இது. நகலெடுத்த பின் பழைய /ஹோமை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் புதிய பார்ட்டிஷனை மவுண்ட் செய்தால், பழைய கோப்புகள் அடியில் மறைந்துபோகும். டிஎஃப் ரூட் இன்னும் நிரம்பியிருப்பதாகச் சொல்லும், டியூவோ அந்த இடத்தை எங்கேயும் காட்டாது. ஏற்கெனவே இந்த நிலைக்கு வந்துவிட்டவர்கள், ரூட்டை /எம்என்டியில் பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தால், அதற்குள் பழைய ஹோம் தெரியும்.

இனித் தொடங்குபவர்கள், மவுண்ட் பாயிண்ட்டை மாற்றும் முன், பழைய அடைவுக்கு /ஹோம்-பழையது என்று பெயர்மாற்றிவிட்டு, அதே இடத்தில் /ஹோம் என்ற காலி அடைவை உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே கோப்பு அமைப்புக்குள் நடப்பதால் பெயர்மாற்றம் நொடியில் முடியும். ஏதேனும் தவறினால், எஃப்எஸ்டேப் வரியை நீக்கி, காலி அடைவை அகற்றி, பழைய பெயரைத் திருப்பித் தந்தால் போதும். ஒரு வாரம் வழக்கம்போல் வேலை பார்த்து, இரண்டு மூன்று முறை மறுதொடக்கம் செய்து, பேக்கப் நிரல் புதிய /ஹோமை எடுத்திருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகு /ஹோம்-பழையதை அழிக்கலாம்.